பஸர் ஒலிக்கவில்லையா? தூக்கி எறிவதற்கு முன்

பேட்டரியில் இணைத்ததும் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், பிறகு மௌனம். பழுது என்று முடிவுகட்டி, நல்ல பஸரைக் குப்பையில் போடுபவர்கள் பலர். உண்மையில் பெரும்பாலும் அந்த ‘டிக்’தான் அது நன்றாக இருப்பதற்கான அடையாளம்.

ஒலி எழ வேண்டுமானால் உள்ளிருக்கும் தகடு நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை அதிர வேண்டும். அந்தத் தாளத்தைப் போடுவது யார்? பழைய அழைப்பு பஸரில் மின்காந்தம் தகட்டை இழுத்ததும் தொடுமுனை விலகி மின்சாரம் அறும். தகடு திரும்பி வந்ததும் மீண்டும் பாயும். தாளம் தானாகவே பிறந்துவிடுகிறது. ஆக்டிவ் பஸரில் அந்த வேலையை உள்ளிருக்கும் சிறு மின்சுற்று செய்கிறது. பேஸிவ் பஸரில் தாளம் போட ஆளில்லை. நேர்மின்சாரம் கொடுத்தால் தகடு ஒருமுறை வளைந்து அப்படியே நின்றுவிடும். மாறிமாறி வரும் அலையை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆக்டிவ் பஸரில் மெட்டு வாசிக்க முயல்வதும் இதே குழப்பத்தின் மறுபக்கம்: அதன் சுருதி ஏற்கெனவே முடிவானது, கரகரப்புதான் மிஞ்சும்.

அடியில் பச்சைப் பலகை தெரிந்தால் பேஸிவ் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை; மல்டிமீட்டரை எடுத்து மின்தடையை அளந்து பாருங்கள். 16 அல்லது 42 ஓம் போலக் குறைவாகக் காட்டினால், அது பெரும்பாலும் காந்தச் சுருள் உள்ள பேஸிவ் பஸர்.

அந்த 16 ஓமை 5 வோல்ட்டில் நேராக இணைத்தால் 300 மில்லிஆம்பியருக்கு மேல் பாயப் பார்க்கும். பஸரை இயக்கப் பலர் பயன்படுத்தும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோ R3-இன் ஒரு முனை தாங்கும் உச்ச எல்லையே 40 மில்லிஆம்பியர். எனவே சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் டிரான்சிஸ்டர் இடையில் வேண்டும். மின்சாரம் அறும்போது சுருள் எழுப்பும் மின்னழுத்தத்தை அடக்க சுருளுக்கு இணையாக, எதிர்த்திசையில் ஒரு டயோடும் வேண்டும்.

பீசோ பஸருக்கு இதே சுற்றை அப்படியே போடக் கூடாது. அதில் சுருள் கிடையாது; மின்னழுத்தத்துக்கு ஏற்ப உருமாறும் பீங்கான் வில்லை, மின்தேக்கி போல மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் அணைந்ததும் அந்த மின்னூட்டம் வெளியேற வழியில்லாவிட்டால் ஒலி மெலிந்துவிடும். பீசோவுக்கு இணையாக 1 கிலோ ஓம் அளவில் ஒரு மின்தடையை வைத்தால் போதும்.

வெறும் பீசோ வில்லையை முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டிவிடாதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்து, நடுப்பகுதியை அதிர விடுங்கள்.