பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வருஷத்து கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிஷம் எடுக்கிறது என்றதும், "காலாவதி ஆயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் இழுப்பது பிராசசர் அல்ல, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். ஐ3, ஐ5 மெஷினாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கிப் பாருங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்து லாட்ஜில் ரிஜிஸ்டர் பதிய, கடையில் பில் போட, பிள்ளைகள் பாடம் பார்க்க அது தாராளமாகப் போதும். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ரேம் நுழையவே நுழையாது. அதனால் பழைய ரேமைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள்.

மேம்படுத்தச் செலவழிக்க மனமில்லாமல், விலை குறைவு என்று செலரான் பிராசசரும் 4 ஜிபி ரேமும் கொண்ட புது லேப்டாப்பை வாங்குகிறவர்கள் உண்டு. அதில் பலவற்றில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. எஸ்எஸ்டி போட்ட பழைய ஐ5 அதைவிட நன்றாக ஓடும். ஆனால் பெரிய டப்பா மானிட்டரோடு இருக்கும் பென்டியம் 4ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அது தின்னும் கரண்டுக்கு அது செய்யும் வேலை கட்டுப்படியாகாது.

வேலூர் வெயிலைக் கணக்கில் எடுக்காதது அடுத்த தவறு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்கில் தூசி அடைத்து, இரண்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்டும் காய்ந்து போயிருந்தால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடு இன்னும் ஏறினால் பட்டென்று அணைந்துவிடும். இதை வைரஸ் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப விண்டோஸ் போடுவதில் பயனில்லை. பங்குனியிலேயே ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றிவிடுங்கள். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய், எந்த இணையதளமும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கிறதா? மதர்போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தளத்தின் சான்றிதழ் இன்று செல்லுமா என்பதை பிரௌசர் உங்கள் கடிகாரத்தை வைத்துத்தான் பார்க்கிறது. கடிகாரம் தப்பானால் எல்லாமே தப்பாகத் தெரியும். சின்னச் செலவில் தீரும் கோளாறு இது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறை பிராசசர் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் மெஷின்கள்கூடக் குப்பை என்ற பேச்சு வந்துவிட்டது. அது சரியல்ல. அதற்காக அப்டேட் இல்லாத மெஷினில் நெட் பேங்கிங் பார்ப்பதும் கூடாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பிலேயே பாஸ் என்ற லினக்ஸ் வகை இருந்தது, ஆகவே நம் வீடுகளுக்கு இது புதுசும் அல்ல. டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் மட்டும் அவை லினக்ஸில் ஓடுமா என்று தீர விசாரித்துவிட்டு மாறுங்கள்.

குடியாத்தம், ஆற்காடு பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. ஆனாலும் அதில் கை பழகியவர் முகூர்த்தப் பத்திரிகையை அமைக்கும் வேகமே வேறு. அதை ஓட்டும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினைத் தூக்கிப்போட எந்த அவசியமும் இல்லை. ஆபத்து அதை இன்டர்நெட்டில் இணைப்பதில்தான். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. லேன் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், வாடிக்கையாளர் தரும் பென்டிரைவை வேறு மெஷினில் ஸ்கேன் செய்த பிறகே செருகுங்கள்.

இன்னொரு பெரிய தவறு, ஃபைல்களை மட்டும் பேக்கப் எடுத்து ஃபான்ட்டை விட்டுவிடுவது. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள், எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் யுனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை அவை. ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் மணமக்கள் பெயருக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஃபான்ட் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். முக்கியமான மேட்டரை யுனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வையுங்கள். பட்டையான கேபிளில் இணைக்கும் பழைய ஐடிஇ டிஸ்க் என்றால், அது உயிரோடு இருக்கும்போதே முழு டிஸ்க்கையும் அப்படியே நகலாக, அதாவது இமேஜ் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் கழிக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், காயலான் கடைக்கு அப்படியே எடைக்குப் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களின் ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பாஸ்புக் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்திருக்கும். அவர்கள் நம்பிக் கொடுத்தவை அவை. டெலீட் செய்தாலோ, குவிக் ஃபார்மட் கொடுத்தாலோ அவை அழிவதில்லை, மீட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் அதைக் கழற்றி, விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் ஓடும் வேறு மெஷினில் மாட்டி, 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள் (எக்ஸ்பியில் முழு ஃபார்மட் கொடுத்தாலும் மேலெழுதாது). அப்போதுதான் டிஸ்க் முழுக்க மேலெழுதப்படும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். டிஸ்க் ஏற்கெனவே பழுதாகி ஃபார்மட்டே ஆகவில்லை என்றால், கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். அதைத் தனியாக எடுத்து, மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் சேர்த்துவிடுங்கள்.