போதகரின் வாரம்: சனிக்கிழமைக்கு எதையும் தள்ளிவைக்காமல் இருக்க

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சபை நடத்தும் போதகர் ஆபீஸ்காரர்போல ஒன்பது முதல் ஐந்து வரை அட்டவணை போட்டால், செவ்வாய்க்கிழமையே அது குலைந்துவிடும். சாவு வீடு சொல்லிக்கொண்டு வராது. ஆகவே டைரியில் முதலில் குறிக்க வேண்டியவை இரண்டு: எந்த நேரம் அசையக்கூடாது, எந்த நேரம் காலியாகக் கிடக்க வேண்டும்.

அசையக்கூடாதது பிரசங்கத் தயாரிப்பு. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 6 முதல் 8 வரை ஒதுக்குங்கள். செவ்வாய் அன்று வேதபகுதியை நாலைந்து தடவை வாசித்து, எழும் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். அன்றைக்கே விளக்கவுரையைத் திறந்தால், ஞாயிறு அன்று அதை எழுதியவருடைய பிரசங்கம்தான் உங்கள் வாயிலிருந்து வரும். விளக்கவுரை பார்ப்பது புதன்கிழமை வேலை. புதன் முடியும்போது சொல்லப்போவது ஒரே வாக்கியமாகக் கையில் இருக்க வேண்டும். வராவிட்டால் பகுதியைச் சுருக்குங்கள். வியாழன் அன்று பிரசங்கம் முழுவதையும் எழுதி முடியுங்கள். வெள்ளி மாலை கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 25 நிமிடத்தைத் தாண்டினால் ஒரு உதாரணத்தை எடுத்துவிடுங்கள். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் பின்வரிசை முதியவர்களுக்கு ஒன்றும் புரியாது.

சனிக்கிழமையை ஏன் நம்பக்கூடாது? பிறந்தநாள் ஸ்தோத்திர ஜெபம், வீட்டுப் பிரதிஷ்டை, நிச்சயதார்த்தம் எல்லாம் அன்று மாலைதான் வரும். போதாததற்கு மழைக்காலம் வேறு. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. மறுநாள் அட்வென்ட் எனும் கிறிஸ்துமஸ் ஆயத்த காலத்தின் முதல் ஞாயிறு. 2011இல் தானே புயல் இங்கே கரையேறியது டிசம்பர் 30 அதிகாலை, ஆண்டிறுதி ஆராதனைக்கு முந்தைய நாள். அட்வென்ட், கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பிரசங்கங்களின் குறிப்பை அக்டோபரிலேயே எழுதி வைப்பது நல்லது. டிசம்பரில் கேரல் பவனி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பியபின் யாராலும் யோசிக்க முடியாது.

காலியாக விடவேண்டியவை புதன் பிற்பகலும் வெள்ளி காலையும். ஓர் அடக்க ஆராதனை என்றால் வீட்டு ஜெபம், கல்லறை ஏற்பாடு, ஆராதனை, அடக்கம் என்று ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும். அந்த வாரம் சாவு இல்லையென்றால் தள்ளிப்போன சந்திப்புகளை அங்கே முடிக்கலாம். திங்கள் ஓய்வு. அதை ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஓய்வு பறிபோனால் அதே வாரத்தில் ஓர் அரை நாள் எடுத்துவிட வேண்டும். சேர்த்துவைத்து எடுக்கும் ஓய்வு நடப்பதில்லை.

வீட்டுச் சந்திப்பில்தான் நேரம் அதிகம் கசிகிறது. கூப்பிட்ட வரிசையில் போனால் காலையில் மஞ்சக்குப்பம், மதியம் முதுநகர், மறுபடி திருப்பாதிரிப்புலியூர் என்று பெட்ரோலும் போகும், பொழுதும் போகும். நோட்டில் பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, குடும்பப் பெயருக்கு எதிரே கடைசியாகப் போன தேதி, வேலை நேரம், ஜெபக்குறிப்பு மூன்றையும் எழுதுங்கள். ஒரு மாலைக்கு ஒரே பகுதி, நாலு வீடு, வீட்டுக்கு 25 நிமிடம். சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர் அந்த வாரம் எந்த ஷிப்டு என்று கேட்காமல் போனால், இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரை எழுப்புவீர்கள். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச அதைவிட்டால் வாய்ப்பு குறைவு. புதுச்சேரி ஊருக்குள் ஞாயிறு மாலைச் சந்திப்பு வேண்டாம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டும் வெளியூர் வண்டிகளும் பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

வாசல் ஏறும்போதே “டீ போடட்டுங்களா ஐயா?” என்பார்கள். வேண்டாம் என்றால் மனம் கோணும். போடச் சொல்லிக் குடித்துவிட்டு, பிறகு சங்கீதம் வாசித்து ஜெபியுங்கள். ஜெபம் முடிந்தால் எழுந்துகொள்ளலாம், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். முதலிலேயே ஜெபித்துவிட்டால் அதற்குப் பிறகுதான் பால் அடுப்பில் ஏறும், கூடவே பக்கத்து வீட்டுச் சண்டையும் வந்து சேரும். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே பத்து நிமிடம் போதும். ஜிப்மருக்குப் போவதானால் வார்டு எண், பார்வையாளர் நேரம் இரண்டையும் கூட இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணப் பதிவு, கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரே மாலை, வியாழன் 5 முதல் 7 என்று வையுங்கள். பள்ளி திறக்கும் ஜூனில் மட்டும் இரண்டாக்கலாம். காணிக்கை எண்ணுவது பொருளாளரும் இன்னொரு மூப்பரும் செய்யவேண்டியது. போதகர் அதில் கை வைத்தால் நேரமும் போகும், பேச்சும் வரும். கமிட்டிக்கு நிகழ்ச்சி நிரலை மூன்று நாள் முன்பே கொடுங்கள். “இதர விஷயங்கள்” என்று கடைசியில் ஒன்று போட்டால் ஒன்றரை மணி நேரக் கூட்டம் பத்து மணியைத் தாண்டும்.

வாட்ஸ்அப் ஜெபக்குறிப்புகளைக் காலை 8.30க்கும் இரவு 8க்கும் மட்டும் பாருங்கள். தயாரிப்பு நேரத்தில் போன் சபைச் செயலாளரிடமோ வீட்டாரிடமோ இருக்கட்டும். சாவு, விபத்து, ஆஸ்பத்திரி இந்த மூன்றுக்கு மட்டும் உங்களைக் கூப்பிடலாம் என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.