வன்னியை வைத்துக் குற்றத் தொடர் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

குற்றத் தொடரில் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பகுதி ஆள் ஒருவர் வந்தால் மிச்சக் கதையை நாங்களே சொல்லிவிடலாம். ஆண் என்றால் முன்னாள் போராளி, அவர்தான் கொலைகாரன். பெண் என்றால் காணாமல் போன பிள்ளையின் படத்தோடு அழுகிற தாய். முதலில் விட வேண்டிய பழக்கம் இது.

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தது ஒருவரின் பழைய வாழ்க்கை. அது கொலைக்குக் காரணம் ஆகாது. போர் 2009இல் முடிந்தது. இன்றைக்கு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குற்றம் என்றால் இரவில் ஆற்றுமணல் ஏற்றும் டிப்பர், காட்டுமரம், கசிப்பு என்ற கள்ளச்சாராயம், கடற்கரையில் இறங்கும் கஞ்சா. நுண்கடன் காசு கேட்டு வாசலில் குந்தியிருந்து ஏசுகிறவரை வைத்தே ஒரு தொடருக்குத் தேவையான பகையை வளர்க்கலாம்.

பொலிஸ் நிலையக் காட்சிகளில்தான் பிழை அதிகம். நாலு அடி விழுந்ததும் ஆள் ஒப்புக்கொள்வார், வழக்கு முடிந்துவிடும். ஆனால் இலங்கைச் சாட்சியச் சட்டப்படி, பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் நிலைமை வேறு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் அங்கே செல்லும். எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பதிலேயே கதை திரும்பிவிடும். இதை விட்டுவிட்டு அடிக்கிற காட்சியை இழுக்கிறார்கள்! அப்புறம் மொழி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. சொன்னவருக்கு வாசிக்கத் தெரியாது. “சரி, சைன் வை” என்று தாளை நீட்டுகிறார்கள். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. அந்த மேசைக்கு அது வந்து சேர்ந்ததா என்று கமரா பார்க்கட்டும்.

2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ என்ற இந்தி இணையத் தொடரின் இரண்டாம் பருவம் ஈழத்தமிழரைக் காட்டிய விதத்துக்காக அதைத் தடை செய்யச் சொல்லி தமிழக அரசு மத்திய அரசுக்கு எழுதியது. வெளியாரைக் கண்டிப்பது சுகம். எங்கள் ஆட்களே திருடனுக்கும் வேலைக்காரிக்கும் மலையகத் தோட்டத் தமிழரின் பேச்சைக் கொடுத்தால் யார் கேட்பது? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் வன்னியில் ஏராளம். அவர்களுக்குள் ஆசிரியரும் இருக்கிறார், சட்டத்தரணியும் இருக்கிறார்.

அதற்காக எல்லாரையும் உத்தமராக்கவும் வேண்டாம். சங்கக் காசை அடிக்கும் கணக்காளர் வன்னியிலும் இருக்கலாம். முன்னாள் போராளியைச் சாட்சியாக்கிப் பாருங்கள். யானைக் காவலுக்குப் பரணில் இருந்தவர் டிப்பரின் இலக்கத்தைக் கண்டுவிட்டார். போய்ச் சொன்னால் தன் பழைய விசாரணையைக் கிளறுவார்கள் என்று பயம். சொல்வாரா மாட்டாரா என்பதிலேயே இரண்டு எபிசோட் ஓடும்.