செபம் பாடமில்லாத பிள்ளையை முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்வது எப்படி?

விசேட தேவையுடைய பிள்ளையை முதல் நன்மை (கத்தோலிக்கப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவது) வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு மலையகத் தோட்டப்புறங்களில் பழகிப்போன பதில் ஒன்று உண்டு: "செபமெல்லாம் பாடமாகட்டும், அடுத்த வருசம் பார்ப்போம்." பேச்சு வராத பிள்ளைக்கு அந்த அடுத்த வருசம் வருவதே இல்லை. கூடப் படித்த பிள்ளைகள் அடுத்த அருட்சாதனமான உறுதிப்பூசுதலும் பெற்றுவிடுவார்கள். இந்தப் பிள்ளை பூசைக்குப் பூசை கடைசி வாங்கில் அம்மாவின் மடியிலேயே இருக்கும்.

திருச்சபை கேட்பது பாடமாக்கலை அல்ல. திருச்சபைச் சட்டத்தின் 913ஆம் இலக்கம், பிள்ளை தன் திறனுக்கு ஏற்ற அளவில் கிறிஸ்துவின் மறைபொருளை விளங்கிக்கொண்டு, விசுவாசத்தோடும் பக்தியோடும் நற்கருணை வாங்க வேண்டும் என்கிறது. சாகும் ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு அளவுகோல் இன்னும் எளிது: இந்த அப்பம் சாதாரண சாப்பாடு அல்ல என்று பிரித்தறிந்து, வணக்கத்தோடு வாங்கினால் போதும். 777ஆம் இலக்கம், உடலிலோ மனதிலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலை இடம் கொடுக்கும் அளவுக்கு மறைக்கல்வி கிடைக்கச் செய்வதைப் பங்குத்தந்தையின் கடமையாக்குகிறது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள், தங்களோடு வரும் குடும்பத்தின், சமூகத்தின் விசுவாசத்திலும் நற்கருணை வாங்குகிறார்கள் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் 2007இல் எழுதினார். ஆகவே பங்குத்தந்தையிடம் போகும்போது கெஞ்சிக்கொண்டு போகத் தேவையில்லை.

திருமுழுக்கே இன்னும் ஆகவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். தன்னைத் தானே பொறுப்பெடுக்க முடியாதவரை, வயது எவ்வளவானாலும், திருமுழுக்கு விடயத்தில் சட்டம் குழந்தையாகவே எடுத்துக்கொள்கிறது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நியாயமான நம்பிக்கையும் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் சைவமாக இருக்கும் வீடுகள் மலையகத்தில் நிறைய. அது தடையல்ல, ஆனால் மற்றவரிடமும் அப்பாயி அம்மாயியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் தொட்டித் தண்ணீர் தலையில் பட்டதும் அலறும் பிள்ளைகள் உண்டு. தண்ணீரை இளஞ்சூடாக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குத் தடையில்லை.

பங்குத்தந்தையைச் சந்திக்க: ஒரு பக்கத் தாள்

எட்டு மாதம் முன்னதாகப் போங்கள். ஞானஸ்நான அத்தாட்சியைக் கையில் வைத்திருங்கள். பிள்ளை வேறு தோட்டத்தில் பிறந்து வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், அந்தப் பங்கிலிருந்து எடுப்பதற்கே ஒன்றிரண்டு மாதம் போய்விடும். பிறப்புச் சான்றிதழிலும் அத்தாட்சியிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். நோயின் பெயர் முக்கியமில்லை. பிள்ளை "ஆம்", "வேண்டாம்" என்பதை எப்படிக் காட்டும், எந்தச் சத்தம் தாங்காது, வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்வது, விழுங்குவதில் சிக்கல் உண்டா, எதைப் பார்த்தால் அமைதியாகும்: இவ்வளவு போதும். மறையாசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர் பெரும்பாலும் நல்ல மனதோடு வரும் இளம்பெண்ணாக இருப்பார், இப்படிப்பட்ட பிள்ளைக்குப் படிப்பித்துப் பழக்கம் இருக்காது. அந்தத் தாள்தான் அவருக்குப் பயிற்சி.

வீட்டில்: ஐந்து நிமிடம், ஒரே மூலை

ஞாயிறு மறைக்கல்வியின் ஒரு மணித்தியாலத்தை விட, தினமும் ஐந்து நிமிடம் இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் வேலை செய்யும். நேரம் மாறக் கூடாது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா வந்து, எல்லோரும் தேத்தண்ணி குடித்த பிறகு என்று வைத்துக்கொண்டால் லயத்து வீட்டில் அது நிலைக்கும். காம்பராவின் ஒரு மூலையில் ஒரு சுரூபம், ஒரு விரிப்பு. மெழுகுதிரிக்குப் பதில் பற்றரியில் எரியும் சிறு விளக்குப் பாதுகாப்பு.

முதலில் சிலுவை அடையாளம். எல்லோரும் நெற்றியிலிருந்து பழக்கப் பார்ப்பார்கள். பிள்ளை பாதியில் கையை இழுத்துக்கொள்ளும், அன்றைய பாடம் தோல்வியில் முடியும். கடைசியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து நெற்றி, நெஞ்சு, இடது தோள் வரை நீங்களே கொண்டு போய், வலது தோளுக்குப் போகும் அந்தக் கடைசி அசைவை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். "ஆமென்" என்று நீங்கள் சொல்லிச் சிரியுங்கள். அது தானாக வந்ததும் இடது தோளிலிருந்து விடுங்கள், பிறகு நெஞ்சிலிருந்து. ஒவ்வொரு நாளும் பிள்ளை செய்து முடித்ததாகவே முடியும். ஒரு கை இயங்காத பிள்ளை இயங்கும் கையால் செய்யட்டும்.

அடுத்தது படப் புத்தகம். கடையில் விற்கும் வேதாகமப் படங்கள் வேண்டாம். உங்கள் ஆலயத்தையே போனில் படம் பிடியுங்கள். வாசல், தீர்த்தத் தொட்டி, நீங்கள் இருக்கும் வாங்கு, பீடம், மணி, பங்குத்தந்தையின் முகம், அப்பம் வைக்கும் தட்டு, வரிசை, திரும்பி வரும் வாங்கு, வெளியே போகும் வாசல். பத்துப் படம் தாராளம். பிறிஸ்டல் போட்டில் ஒட்டி, இருபுறமும் அகலமான செலோடேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துப் பனிமூட்டத்தில் மட்டை ஊதி, ஓரம் பிரிந்துவிடும். வெளியே போகும் வாசல் படத்தை விட்டுவிடாதீர்கள். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளைப் பூசை நடுவில் கத்த வைக்கிறது.

ஆலயத்தில்: பூசையின் வாலிலிருந்து

முதல் மூன்று தடவை வார நாளில், யாருமில்லாத நேரத்தில் போங்கள். தோட்டத்துச் சிற்றாலயம் என்றால் சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி வையுங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளை மணியைத் தொட்டுப் பார்க்கட்டும், ஒலிபெருக்கி போட்டால் எப்படிக் கேட்கும் என்று ஒரு தடவை கேட்கட்டும்.

பிறகு ஞாயிறு. இங்கும் கடைசியிலிருந்து: நற்கருணை வழங்கும் நேரத்துக்கு உள்ளே வந்து, இறுதி ஆசீரோடு வெளியேறுங்கள். சில வாரத்தில் கர்த்தர் கற்பித்த செபத்திலிருந்து, பிறகு காணிக்கையிலிருந்து என்று முன்னே நகருங்கள். முதலிலிருந்து வந்து மறையுரையில் பொறுமை இழந்து வெளியே தூக்கிக்கொண்டு போகப்படும் பிள்ளை, கத்தினால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரே பாடத்தைத்தான் படிக்கும். உங்கள் சிற்றாலயத்தில் மாதம் ஒருமுறைதான் பூசை என்றால் இது இழுபடும்; நடுவில் வரும் ஞாயிறுகளில் பெரிய கோவிலுக்குப் போக முடியாவிட்டாலும் அதே நேரத்துக்குச் சிற்றாலயத்துக்கு நடந்து போய், அதே வாங்கில் இருந்துவிட்டு வாருங்கள்.

அப்பம்: வாய்க்குப் பழக்கம், மனதுக்கு வேறுபாடு

அதிகம் பிழைபோவது இங்கேதான். வெகு தூரம் வந்த பிறகு முதல் நன்மை அன்று பிள்ளை துப்பிவிடும். காரணம் பக்திக் குறைவல்ல. நற்கருணைக்கான அந்த மெல்லிய அப்பம் உலர்ந்தது, சுவையில்லாதது, ஈரம் பட்டதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் உணர்வு கூடிய பிள்ளைக்கு அது ஓங்காளம்.

வசீகரிக்கப்படாத, அதாவது பூசையில் இன்னும் நற்கருணையாக்கப்படாத, பத்துச் சிறிய அப்பங்களைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்குங்கள். காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள், மலைக் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். முதல் வாரம் பார்க்க, தொட, மணக்க மட்டும். இரண்டாம் வாரம் உழுந்தளவு துணிக்கை நாக்கு நுனியில். மூன்றாம், நான்காம் வாரம் எட்டில் ஒரு பங்கு. ஐந்தாம் வாரத்திலிருந்து கால் பங்கு. அதற்கு மேல் வராவிட்டால் கவலை வேண்டாம். மிகச் சிறிய துணிக்கையிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பதே திருச்சபையின் போதனை. ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள்.

பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு நின்றபடி மேலிருந்து கொடுத்தால் தலை தானாக அண்ணாந்துவிடும், புரையேறும். கொடுப்பவர் குனிந்து, பிள்ளையின் முகமட்டத்துக்கு வந்து கொடுக்க வேண்டும். இதைப் பங்குத்தந்தையோடு ஒரு தடவை செய்து பாருங்கள். சாப்பிடும்போது வழக்கமாகவே இருமுகிற, புரையேறுகிற பிள்ளைக்கு, கிளினிக் டொக்டரிடம் சொல்லி பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்காமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம். திடமாக எதுவும் விழுங்க முடியாவிட்டால், தேவையின் பொருட்டுத் திராட்சை இரச வடிவத்தில் மட்டும் கொடுக்கவும் 925ஆம் இலக்கம் அனுமதிக்கிறது. ஒரு துளி, சிறு கரண்டியில். அதையும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பயிற்சியைச் செப மூலையில் செய்யாதீர்கள். அடுப்படியில், சாப்பிடும் தட்டில் செய்யுங்கள். அதை "அப்பம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆலயத்தில் பங்குத்தந்தை உயர்த்திக் காட்டும்போது மட்டும், விரலால் காட்டி, "இயேசு" என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் பழக்கினால், பிரித்தறிய வேண்டிய அந்த ஒரே விடயத்தை நீங்களே குழப்பிவிடுகிறீர்கள். வீட்டில் ரொட்டிப் படத்தையும் பீடத்து அப்பத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வீட்டு ரொட்டி எது? இயேசு எது?" என்று கேட்கலாம். கையால் காட்டினாலும் கண்ணால் பார்த்தாலும் அது பதில்தான்.

பிள்ளைக்கு விளங்கியதா என்று எப்படித் தெரியும்? அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தில் அசைவு நிற்பது, பீடத்தைக் கைகாட்டுவது, வரிசையில் போகும்போது கை குவிவது, அப்பத்தைப் பறிக்காமல் காத்திருப்பது. இவற்றைத் தேதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பங்குத்தந்தை தீர்மானிக்கும் நாளில் இந்தக் கொப்பிதான் பிள்ளையின் வாய்.

பாவசங்கீர்த்தனம்

முதல் நன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது, என்பது விதி. ஆனால் நன்மை தீமை பிரித்தறியாத பிள்ளையிடம் அறிக்கையிடப் பாவமே இல்லை. அதை வற்புறுத்த வேண்டியதில்லை. ஓரளவு விளங்கும் பிள்ளைக்கு இரண்டு முகங்கள் வரைந்த மட்டை போதும்: சந்தோச முகம், துக்க முகம். தம்பியைத் தள்ளிவிட்ட படத்தோடு துக்க முகத்தை வைத்து, நெஞ்சில் கை வைத்தால் அது மனத்தாபம். இருட்டான மரக்கூண்டு வேண்டாம், திறந்த இடத்தில் எதிரெதிரே கதிரை போட்டு இருக்கட்டும். காது கேளாத பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் மூலமும் செய்யலாம். அப்படி உதவுபவரையும் இரகசியம் காக்கும் கடமை கட்டுப்படுத்தும்.

அம்மாமார் ஒரு தவறு செய்வார்கள்: பாவப் பட்டியல் எழுதிப் பாடமாக்கிக் கொடுப்பது. "சீனி எடுத்துத் தின்றேன்" என்று பிள்ளை சொல்லும், எடுத்தது அக்காவாக இருக்கும்.

அன்றைக்கு

வெள்ளை உடுப்பை மூன்று தடவை துவைத்து மொறுமொறுப்பை எடுங்கள், கழுத்து லேபிளை வெட்டுங்கள், முந்திய வாரத்தில் ஒரு நாள் கால் மணித்தியாலம் போட்டுப் பாருங்கள். கிரீடமும் கையுறையும் சட்டமல்ல. குளிருக்கு ஸ்வெட்டர் உடுப்புக்கு உள்ளே. ஒரு மணித்தியால உபவாசத்தைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது. வலிப்பு மருந்தை வழக்கமான நேரத்தில் கொடுத்துவிடுங்கள். நோயாளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அந்த விதியிலேயே விலக்கு உண்டு. பக்க வாசலுக்குக் கிட்டிய வாங்கு, வரிசையில் முதல் ஆள், பிளாஷ் போடாத போட்டோக்காரர்: இந்த மூன்றையும் முதல் நாளே பேசி வையுங்கள்.

வெள்ளைக் கைக்குட்டை ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். துப்பிவிட்டால் அதில் ஏந்தி, சத்தமில்லாமல் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். தண்ணீரில் கரையவிட்டு முறைப்படி செய்வது அவர் வேலை. வாயை மூடிக்கொண்டு மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஊரெல்லாம் பார்க்கிறதே என்று திணித்தால், அடுத்த ஞாயிறு வாசலிலேயே அழும். ஆளில்லாத ஒரு வார நாள் பூசையில் அதே நன்மையை வாங்கலாம்.

உறுதிப்பூசுதலுக்கு ஆயர் வரும் நாளில் கூட்டமும் நேரமும் இதை விடக் கூட. முந்திய இரண்டு வாரம் செபம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டு, தலையில் கை வைத்துப் பழக்குங்கள். கிறிஸ்மா தைலத்தின் வாசனை கடுமையாக இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

முதல் நன்மைக்கு அடுத்த ஞாயிறு தவறாமல் அதே வாங்குக்குப் போங்கள். பெரிய விருந்தும் புது உடுப்பும் இல்லாமல் இரண்டாம் தடவை வாங்கும்போதுதான், அது பிறந்தநாள் மாதிரி ஒருநாள் கொண்டாட்டம் அல்ல என்று பிள்ளைக்குத் தெரியவரும். படப் புத்தகத்தில் பதினோராவது மட்டையாக, பிள்ளை நன்மை வாங்கும் படத்தை ஒட்டி விடுங்கள்.