பழைய ஜப்பான் கிட்டார் பார்க்கப் போகிறீர்களா, ஒரு ஸ்க்ரூட்ரைவர் கொண்டு போங்கள்

கொழும்பில் ஜப்பான் சாமானுக்கு இருக்கிற மரியாதையைச் சொல்லத் தேவையில்லை. ரீகண்டிஷன் வான், ரீகண்டிஷன் ஃப்ரிட்ஜ் என்று வந்து இறங்குகிற அதே வழியில் எப்போதாவது ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும் வந்துவிடும், கம்பி துருப்பிடித்து, ஒரு குமிழ் இல்லாமல், ரைஸ் குக்கர்களுக்கு நடுவில் சாய்ந்து நிற்கும். விலை கேட்டால் "ஒரிஜினல் ஜப்பான், செவன்ட்டி ஃபைவ் மொடல்" என்று பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். வயசை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத் தலையில் எழுதியிருக்கிற பெயர் பெரிதாக உதவாது.

ஏன் என்றால் பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. ஐபனேஸ் என்பது நகோயாவில் இருந்த ஹோஷினோ என்ற வியாபார நிறுவனத்தின் பெயர். அந்தக் காலத்து ஐபனேஸ் பலவற்றைச் செய்தது மட்சுமோட்டோ நகரத்தில் 1960இல் தொடங்கிய ஃபுஜிஜென் தொழிற்சாலை. அதே ஆட்கள்தான் கிரேக்கோவும் செய்தார்கள், 1982இலிருந்து ஜப்பான் ஃபெண்டரும் செய்தார்கள். அதே ஊரில் மட்சுமோக்கு என்று இன்னொன்று, ஆரியா, வெஸ்டோன், எழுபதுகளின் எபிஃபோன் எல்லாம் அங்கேயிருந்துதான். மட்சுமோக்குவின் பழைய தொழில் என்ன தெரியுமா? சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்வது! அம்மம்மா வீட்டு சிங்கரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும். 1987இல் மூடிவிட்டார்கள். ஆகவே அங்கே செய்தது என்று உறுதியானால் அதற்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை.

சரி, கிட்டாரைக் கையில் எடுங்கள். முதலில் தூரத்தில் பிடித்து உருவத்தைப் பாருங்கள். மூன்று நான்கு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்), வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி வரிசையாகச் சுவிட்சுகள், பளபளவென்று பெரிய தகடு, யாருடைய கொப்பியும் இல்லாத ஒரு விசித்திரமான வடிவம் என்றால் அது பெரும்பாலும் அறுபதுகள், டெய்ஸ்கோ, குயாடோன் வகை. டெய்ஸ்கோ 1946இல் தொடங்கிய நிறுவனம், 1967இல் கவாய் வாங்கிக்கொண்டது. இவற்றில் சீரியல் நம்பரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிப்சனின் லெஸ் போல், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று அமெரிக்கக் கிட்டாரை அப்படியே பார்த்துச் செய்திருந்தால் எழுபதுகளுக்கு வருகிறோம். இங்கே விரலால் ஒரு வேலை இருக்கிறது. லெஸ் போல் வடிவத்தின் முன்பக்கத்தை, பிரிட்ஜுக்கும் (உடலில் கம்பிகளைத் தாங்குகிற பாகம்) மேல் தோளுக்கும் நடுவில், பலாப்பழம் தட்டுகிற மாதிரி மெதுவாகத் தட்டுங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்டால் வளைத்த பலகைக்குக் கீழே காற்றுத்தான் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கக் கொப்பிகளில் இது சாதாரணம். அவற்றில் நெக்கும், அதாவது விரல் ஓடுகிற நீண்ட கழுத்தும், ஒட்டாமல் நான்கு திருகாணியில் பூட்டியிருக்கும், பின்னால் இருக்கிற தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்' என்றும் 'மேட் இன் ஜப்பான்' என்றும் அடித்திருப்பார்கள். தட்டினால் கல் மாதிரி இருந்து, நெக்கும் கிப்சனில் போல ஒட்டியிருந்தால், எழுபதுகளின் நடுவிலோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்கலாம். இனித்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், காசும் இங்கேதான் ஏறுகிறது.

அந்த நேரம் பார்த்து யாராவது "இது லோசூட் கிட்டார்", அதாவது வழக்கில் மாட்டிய கிட்டார், என்பார்கள். நடந்தது இவ்வளவுதான்: 1977 ஜூன் 28ஆம் தேதி, கிப்சனின் தாய் நிறுவனமான நோர்லின், ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்கர் மீது ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. சண்டை ஹெட்ஸ்டொக்கின், அதாவது கம்பி முறுக்குகிற தலையின், உருவத்தைப் பற்றியது, மறு வருடம் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே பேசி முடித்துவிட்டார்கள், அதற்கு முதலே ஐபனேஸ் அந்த உருவத்தை மாற்றியும் விட்டது. டோகாய் என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனமும் கிரேக்கோவும் அந்த வழக்கில் இல்லவே இல்லை. இன்றைக்கு எந்தப் பழைய கொப்பிக்கும் அந்தப் பெயரை ஒட்டி விலையைக் கூட்டுகிறார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

நம்பர் இருந்தால் நல்லது. ஐபனேஸ் 1975இல் நம்பர் போடத் தொடங்கியது: ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஆறு இலக்கம். எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 'எச் 78' என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட், மிச்சம் உற்பத்தி எண். அதே தொழிற்சாலையில் செய்த அந்தக் காலத்துக் கிரேக்கோவுக்கும் இதே கணக்குத்தான். 1987இலிருந்து ஐபனேஸில் முன்னால் எஃப் வரும், ஃபுஜிஜெனின் எஃப், அடுத்த ஓர் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். எண்பதுகளின் தொடக்கத்து டோகாயில் ஏழு இலக்கம், அங்கேயும் முதல் இலக்கம்தான் வருடம், 1 என்றால் 1981. இந்த ஓரிலக்கக் கணக்கில் பத்து வருடம் பிசகிப்போவது ரொம்ப லேசு, எனவே நம்பரை மட்டும் நம்பாமல் மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள். ஜப்பான் ஃபெண்டரில் 'ஜேவி' என்றால் 1982 முதல் 84 வரை, 'எஸ்க்யூ' என்றால் 83–84. 'ஏ' என்று தொடங்கினால் நிதானியுங்கள்: 'மேட் இன் ஜப்பான்' என்றிருந்தால் 1985–86, 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்றிருந்தால் 1997–98. ஒரே எழுத்து, நடுவில் ஒரு தலைமுறை.

எனக்கு நம்பரைவிடப் பிடித்தது மொடல் எண். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தவற்றில் பெரும்பாலும் விலையே பெயரில் இருக்கும். கிரேக்கோ ஈஜி 500 என்றால் 50,000 யென். டோகாய் எல்எஸ் 80 என்றால் 80,000. ஜப்பான் ஃபெண்டர் எஸ்டி 62-115 என்றால் 1962 மாதிரி, விலை 115,000. ஆகவே வெளியில் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கிட்டாரில் எதில் நல்ல மரம் போட்டார்கள், எதில் மிச்சம் பிடித்தார்கள் என்பதைச் செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யமஹா எஸ்ஜி 2000, கிட்டார் கலைஞர் சந்தானா கையில் உலகம் பார்த்தது, 1976இல் வந்தது, அதைத் தூக்கும்போதே விளங்கும். நெக் மரம் உடலின் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிறது, பாரமோ பாரம், இரண்டு மணி நேரக் கல்யாண வீட்டு பைலாவுக்குப் பிறகு தோள் பேசும்.

இப்போது ஸ்க்ரூட்ரைவர். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கம்பியைத் தளர்த்தி, ஒரு பிக்கப்பைத் தூக்கிப் பாருங்கள். குழிக்குள் மரத்தின் ஓரம் தெரியும். கேக் மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட், ஒரே ஓட்டமாக இருந்தால் முழு மரம். நான்கு திருகாணி நெக் என்றால் அதையும் கழற்றுங்கள், சிலவற்றில் அடியில் முத்திரையோ பென்சில் எழுத்தோ கிடைக்கும். திருகாணித் தலைகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள், அப்போது பிக்கப் மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள், பழைய மங்கலுக்கு நடுவில் புதுப் பளபளப்பு தனியாகத் தெரியும்.

நான் ஒருமுறை இதொன்றும் செய்யவில்லை. மருதானைப் பக்கம் ஒரு கடையில் "செவன்ட்டி எய்ட்" என்று வாங்கி, வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது ஹெட்ஸ்டொக்கின் பின்னால் ஒரு சின்ன நீள்சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளிர்ந்து இருந்தது. ஸ்டிக்கர் உரித்த இடம். பிக்கப்பைக் கழற்றினால் அடியில் 'கொரியா' என்று அச்சாகியிருக்கிறது. நாணய மதிப்பைப் பற்றிய 1985 பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு யென் ஏறியதும் மலிவு வேலையெல்லாம் கொரியாவுக்குப் போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்து என்ன, கடையில் நிற்கும்போது அது ஞாபகம் வரவில்லை. கெட்ட கிட்டார் இல்லை, கொடுத்த விலைதான் கெட்டது.

கொழும்புக்கே உரிய இரண்டு விஷயம். ஒன்று கடற்காற்று. வெள்ளவத்தையில் ரயில் பாதைப் பக்கம் குடியிருந்தால் உங்களுக்கே தெரியும், பிரிட்ஜின் சின்னத் திருகாணிகள் உப்பில் இறுகிப்போகும். பலத்தைக் காட்டினால் தலை தேய்ந்துவிடும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி) அசைகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள், அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மற்றது கரண்ட். கிட்டாரோடு ஜப்பான் அம்ப் ஒன்றும் சேர்த்துத் தருவார்கள், அது 100 வோல்ட், நம் சுவரில் 230. இறக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் செருகினால் புகையைத்தான் கேட்கலாம்.

வாங்கிய பிறகு அறுபதுகளின் கிட்டாரிடம் எண்பதுகளின் வேலையைக் கேட்காதீர்கள். பிளைவுட் என்று தூக்கி எறிகிற டெய்ஸ்கோவில் இருக்கிற தங்கத்தகட்டு பிக்கப்பைத்தான் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் போட்டார். சத்தம் குறைவு, கொஞ்சம் கூட்டினால் கூவும், ஆனால் மெதுவாக வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். வேகமாக வாசிக்கிறவர்கள் 1977க்குப் பிந்தியதைத் தேடுங்கள். எதுவானாலும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டாம், தடித்த பழைய பூச்சுதான் இந்த ஈரத்தில் மரத்தைக் காக்கிறது.

என்னிடம் இப்போது இருப்பது பெயர் சுரண்டப்பட்ட, நம்பர் இல்லாத ஒன்று. நெக்கைக் கழற்றினேன், முத்திரை இல்லை, பென்சில் எழுத்தும் இல்லை. குழியின் பின் ஓரத்தில் நான்காக மடித்த ஒரு பஸ் டிக்கெட், 100ஆம் இலக்கம், பாணந்துறை–கோட்டை. இங்கேதான் யாரோ நெக்கைச் சற்றுச் சரிக்க வைத்திருக்கிறார்கள். தேதி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன், மை போய்விட்டது. திரும்ப மடித்து அதே இடத்தில் வைத்துப் பூட்டினேன், அதை எடுத்தால் கம்பி உயர்ந்து வாசிக்க முடியாது.