சல்வீனியாவா, ஆகாயத்தாமரையா? குளக்கட்டில் நின்று சொல்லாதீர்கள்

கந்தளாய்க் குளமோ தம்பலகாமத்து வாய்க்காலோ, பச்சையாக எது மிதந்தாலும் "சல்வீனியா" என்ற நீர்க்களைதான் என்று சொல்லிவிடுகிறோம். பாதிப் பிழை குளக்கட்டில் நின்று எடுக்கும் போன் படத்தால் வருகிறது. ஒரு செடியையாவது கையில் எடுங்கள்.

எடுத்தாலும் அளவை நம்பாதீர்கள். இடம் தாராளமாக இருந்தால் சல்வீனியாவின் இலை சிறிதாக, தட்டையாகத் தண்ணீரில் படிந்து கிடக்கும். நெருக்கம் வந்ததும் பெருத்து, நடுவில் மடிந்து நிமிரும். இரண்டும் ஒரே செடிதான். இளம் இலையின் மேற்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் காம்பாக எழும்பி, நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி சேர்ந்திருக்கும், முட்டை அடிக்கிற கம்பி மாதிரி. 1939இல் தாவரவியல் கற்பிக்கக் கொழும்புக்குக் கொண்டுவந்து, பிறகு நாடெங்கும் பரவிய இனத்துக்கு இதுதான் அடையாளம். முற்றிய இலையில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதில் மயிர்கள் உடைந்திருக்கும்.

கீழே தொங்கும் மண்ணிற நாரை வேர் என்று நினைப்பது அடுத்த பிழை. இதற்கு வேரே கிடையாது. கணுவுக்கு மூன்று இலை. இரண்டு மிதக்கும், மூன்றாவது நாராகப் பிளந்து நீருக்குள் தொங்கும். அதில் கோத்ததுபோல் இருக்கும் உருண்டைகள் விதையும் அல்ல. இது பூவும் விதையும் இல்லாத பன்ன (பெரணி) இனம், அதிலும் மலடு. உடைந்த துண்டிலிருந்துதான் பெருகும். ஆகவே பார்த்து முடித்த செடியைப் பக்கத்து வாய்க்காலில் வீசிவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் மோசமான தவறு அதுதான்.

ஆகாயத்தாமரை என்ற பெயர் வேறொரு தலையிடி. சித்த மருத்துவத்தில் அது கோவா (முட்டைக்கோசு) போல இலை அடுக்கிய சிறு செடி. பேச்சிலோ, ஊதாப்பூ பூக்கும் களைக்கும் அதே பெயர். (இந்த ஊதாப்பூக்காரிக்காகவே இலங்கையில் 1909இல் ஒரு சட்டம் போட்டார்கள்.) பெயரை மட்டும் சொல்லி முறையிட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் விளங்காது. ஊதாப்பூச் செடியின் காம்பு எப்போதும் பலூன்போல வீங்கியிருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நெருக்கமாக வளர்ந்தால் அது நீண்டு மெலிந்துவிடும்.

வயலில் செதில் செதிலாக, வெயிலில் சிவந்து மிதப்பது அசோலா. அது நெல்லுக்குத் தழைச்சத்து தரும். அள்ளி எறியாதீர்கள்.

அப்புறம், கொட்டியாரக் குடாவில் சல்வீனியா மிதந்தால் அங்கேயே முளைத்தது என்று எழுதவேண்டாம். கடல் உப்பை அது தாங்காது. வெள்ளத்தோடு வந்திருக்கும், ஆற்றோடு மேலே போய்த் தேடுங்கள்.