காலைப் பரபரப்பை முன்கூட்டியே குறைப்பது எப்படி?

வேலைக்குப் போகும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தக் கிளம்பாதீர்கள். சமையலறையில் தொடங்குங்கள். காலையில் கழுத்தை நெரிக்கும் வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமையே மாவு அரைத்துவிடுங்கள். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். பொங்கியதும் இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்று தீரும்வரை மற்றதைத் திறக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பேறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தால் வாரம் முழுவதும் கறுக்காது. சின்ன வெங்காயத்தைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டால் தோல் சுலபமாகக் கழன்றுவிடும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே யாரும் உரிக்கலாம், உரிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் சாப்பிடுகிற வீட்டில் வேலை மட்டும் ஒருத்தி தலையில் விழுவது நியாயமே இல்லை.

இரவு படுக்கும் முன் டிபன் பாக்ஸ்களை மூடிகளோடு மேடையில் எடுத்து வையுங்கள். காலையில் மூடி தேடும் நேரத்தில்தான் பஸ் போய்விடுகிறது.

குடும்ப அட்டை, எரிவாயுப் புத்தகம், ஆதார் நகல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு போதும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் எளிதில் மறந்துபோகும். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

துணிக்கு ஆளுக்கொரு கூடை. காய்ந்ததை அதில் போட்டுவிடுங்கள். அவரவர் துணியை அவரவரே மடிக்கட்டும்.